இரண்டின் வலுவுக்கு ஒன்று குறைவு: 2147483647

திருகோணமலை உவர்மலையில் இருந்து, உயர்தரக் கணிதப் பிரிவில் படிக்கும் ஒரு மாணவி எழுதிக் கேட்டிருக்கிறார்: “சேர், கணினி வகுப்பில் ஒன்றை இரட்டித்துக்கொண்டே போகும் நிரல் ஒன்று எழுதினோம். ஓரிடத்தில் விடை திடீரென்று மறை எண்ணாகிவிட்டது, பூச்சியத்துக்கும் கீழே போய்விட்டது. அந்த இடத்தில் கணினி தாங்கும் உச்ச எண் 2147483647 என்று ஆசிரியை சொன்னார். அது ஒரு முதன்மை எண் என்றும், 1772ஆம் ஆண்டிலேயே நிறுவிவிட்டார்கள் என்றும் சொன்னார். கணினியே இல்லாத காலத்தில் பத்து இலக்க எண்ணை எப்படிச் சோதித்திருப்பார்கள்? முதன்மை எண் என்பதைத் தவிர அதற்கு வேறு சிறப்பு ஏதும் உண்டா?”

பிள்ளை, இந்தக் கேள்வியை உங்கள் வயதில் நானும் கேட்டேன். அப்போது பதில் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் இந்த எண்ணைக் கையில் எடுத்துப் பார்ப்போம். ஜனவரி 1ஆம் திகதி உண்டியலில் ஒரு ரூபா போடுங்கள். 2ஆம் திகதி இரண்டு ரூபா, 3ஆம் திகதி நான்கு, 4ஆம் திகதி எட்டு. இப்படி ஒவ்வொரு நாளும் முதல் நாள் போட்டதைப்போல் இருமடங்கு போட்டு வாருங்கள். 31ஆம் திகதி மட்டும் 107 கோடியே 37 இலட்சத்து 41 ஆயிரத்து 824 ரூபா போட வேண்டியிருக்கும். மாத முடிவில் உண்டியலை உடைத்து எண்ணினால் 214 கோடியே 74 இலட்சத்து 83 ஆயிரத்து 647 ரூபா. அதுதான் உங்கள் எண். பெருக்கல் விருத்தியில் நீங்கள் படித்த கூட்டுத்தொகை: 1 + 2 + 4 + … + 2³⁰ = 2³¹ − 1.

இந்தப் பணத்தை வீட்டில் உள்ள ஐந்து பேருக்குச் சமமாகப் பங்கிட முடியாது. தெருவில் உள்ளவர்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டாலும் முடியாது. எத்தனை பேர் வந்து நின்றாலும் சில ரூபாக்கள் மிஞ்சும். ஒருவரே முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம், அல்லது 214 கோடிச் சொச்சம் பேர் வந்து ஆளுக்கு ஒரு ரூபா எடுத்துக்கொள்ளலாம். முதன்மை எண் என்பதன் பொருள் அவ்வளவுதான். நம் பாடநூல்கள் ‘முதன்மை எண்’ என்கின்றன. தமிழ்நாட்டில் ‘பகா எண்’ என்பார்கள். பகாதது, பிரியாதது என்ற பொருள் சொல்லிலேயே தெரிவதால் எனக்கு அந்தப் பெயரிலும் ஒரு விருப்பம் உண்டு.

இதில் கவனிக்க வேண்டியது எண்ணின் பருமனை அல்ல, அது நிற்கும் இடத்தை. அது இரண்டின் ஒரு வலுவுக்குச் சரியாக ஒன்று குறைவாக நிற்கிறது. இனி நான் சொல்லப்போகும் ஒவ்வொரு பண்பும் அந்த ஒரே குறைவில் இருந்துதான் பிறக்கிறது. 1772இல் அதை நிறுவ முடிந்ததும் அதனால்தான், உங்கள் நிரல் அங்கே தடம்புரண்டதும் அதனால்தான்.

இப்படி நிற்கும் முதன்மை எண்களை மெர்சென் முதன்மை எண்கள் என்கிறோம். 3, 7, 31, 127 ஆகியவை இந்தக் குடும்பத்தின் சிறியவர்கள். கன்னியா வெந்நீரூற்றுக் கிணறுகளின் எண்ணிக்கையான 7 கூட 2³ − 1 தான். அடுக்கில் வரும் எண் (2³இல் அது 3) பகுபடுமானால் முழு எண்ணும் பகுபட்டுவிடும்: 2⁴ − 1 = 15, 2⁶ − 1 = 63. ஆகவே அடுக்கும் முதன்மை எண்ணாக இருக்க வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. 11 முதன்மை எண்; ஆனால் 2¹¹ − 1 = 2047 = 23 × 89. இந்த 2047ஐ நினைவில் வைத்திருங்கள், திரும்பவும் வருவார்.

மரேன் மெர்சென் பிரான்சைச் சேர்ந்த துறவி. 1644இல் அவர் ஒரு பட்டியல் வெளியிட்டார்: 257 வரையான அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொன்றுக்கு மட்டுமே முதன்மை எண் கிடைக்கும் என்றார். அதில் 67, 257 இரண்டும் பிழை. 61, 89, 107 மூன்றும் விடுபட்டவை. 31 பற்றி அவர் சொன்னது சரி. ஆனால் சரியாகச் சொல்வது வேறு, நிறுவுவது வேறு. இந்த எண்ணுக்கு நிறுவல் கிடைக்க இன்னும் 128 ஆண்டுகள் ஆயின.

நிறுவியவர் கணிதர் லெயோனார்டு ஒய்லர். 1772இல் பெர்னூலி என்ற கணிதர் குடும்பத்தில் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் இந்த முடிவைத் தெரிவித்தார். அப்போது அவருக்கு 65 வயது. ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் இருந்தார். இரு கண்களிலும் பார்வை ஏறக்குறைய முற்றாகப் போயிருந்தது. கணக்கை மனத்தில் நடத்திச் சொல்ல, மற்றவர்கள் எழுதினார்கள். இதை நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் ஒரு கணம் அமைதியாகிவிடுவார்கள்.

இனி அவர் எப்படிச் செய்தார் என்று பார்ப்போம். ஓர் எண்ணைச் சாதாரணமாகச் சோதிக்க அதன் வர்க்கமூலம் வரையுள்ள முதன்மை எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். காரணிகள் சோடியாகவே வரும். இரண்டும் வர்க்கமூலத்தைவிடப் பெரியவையாக இருந்தால் பெருக்கம் எண்ணைத் தாண்டிவிடும். ஆகவே சிறிய காரணி வர்க்கமூலத்துக்குள் அகப்பட்டே ஆக வேண்டும். 46340இன் வர்க்கம் 2147395600, 46341இன் வர்க்கம் 2147488281. எனவே 46340 வரை தேடினால் போதும். ஆனால் அதற்குள் இருக்கும் முதன்மை எண்கள் 4,700க்கும் மேல். ஒரு மனிதர் கையால் அத்தனை நீள்வகுத்தல் செய்வது பெரும்பாடு.

ஒய்லர் அத்தனையும் செய்யவில்லை. ‘காரணி ஒன்று இருந்தால் அது எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்?’ என்று முதலில் கேட்டார்.

சிறிய உதாரணத்தில் பார்ப்போம். 23ஐ எடுத்துக்கொண்டு, ஒன்றில் தொடங்கி இரட்டித்துக்கொண்டே போங்கள். 23ஐத் தாண்டும்போதெல்லாம் 23ஐக் கழித்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 2, 4, 8, 16 என்று போகும். அடுத்தது 32, 23ஐக் கழித்தால் 9. பிறகு 18, 13, 3, 6, 12, அடுத்தது 24, அதாவது 1. பதினோராவது அடியில் ஒன்றுக்குத் திரும்பிவிட்டோம். 2¹¹ஐ 23ஆல் வகுத்தால் மீதி 1 என்பதும், 2¹¹ − 1ஐ 23 மிச்சமின்றி வகுக்கும் என்பதும் ஒரே செய்திதான். 23 எப்படி 2047இன் காரணி ஆயிற்று என்பது இங்கே கண்முன் தெரிகிறது.

இதோடு பிரெஞ்சுக் கணிதர் பெர்மா 1640இல் சொன்ன தேற்றத்தைச் சேருங்கள். 23 போன்ற ஒற்றை முதன்மை எண் எதை எடுத்தாலும், அதைவிட ஒன்று குறைவான அடிகள் நடந்தால், அதாவது இங்கே 22 அடிகள் நடந்தால், கட்டாயம் ஒன்றுக்குத் திரும்பி வந்திருப்போம். கோணேசர் கோயிலில் பிரகாரம் சுற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஒரு சுற்றைச் சரியாக 11 அடியில் முடிக்கிறார். 22ஆம் அடியிலும் அவர் தொடங்கிய தூணுக்கு அருகிலேயே நிற்கிறார் என்றால், 22 அடிகளில் முழுச்சுற்றுகள்தான் அடங்கியிருக்கின்றன. அதாவது 22 என்பது 11இன் மடங்கு.

இப்போது நமது எண்ணுக்கு வருவோம். அதற்கு ஒரு முதன்மைக் காரணி இருக்கிறது என்று வைத்து, அதைக் ‘க’ என்போம். கவால் வகுக்கும்போது இரட்டிக்கும் நடை 31ஆம் அடியில் ஒன்றுக்குத் திரும்பும். 31 பகுபடாத எண் என்பதால் அதைவிடச் சிறிய சுற்று இருக்க வழியில்லை. பெர்மாவின்படி க − 1ஆம் அடியிலும் திரும்பியாக வேண்டும். ஆகவே க − 1 என்பது 31இன் மடங்கு. க ஒற்றை எண் என்பதால் க − 1 இரட்டை எண். எனவே அது 62இன் மடங்கு. முதல் சல்லடை இது: காரணி எதுவானாலும் 62ஆல் வகுத்தால் 1 மீதி வர வேண்டும்.

இரண்டாவது சல்லடை இன்னும் அழகானது. 2³¹க்கு மீதி 1 என்றால், அதை இரட்டித்த 2³²க்கு மீதி 2. ஆனால் 2³² என்பது 65536இன் வர்க்கம். ஆகவே கவைப் பொறுத்தவரை, ஒரு வர்க்கத்தை வகுத்தால் 2 மீதியாக வருகிறது. எல்லா முதன்மை எண்ணும் இதற்கு இடம் கொடுக்காது. 7 கொடுக்கும்: 3இன் வர்க்கம் 9, மீதி 2. 17 கொடுக்கும்: 6இன் வர்க்கம் 36, மீதி 2. 23உம் கொடுக்கும்: 5இன் வர்க்கம் 25. ஆனால் 5ஐ எடுத்துக்கொண்டு எந்த வர்க்கத்தை வகுத்தாலும் மீதி 0, 1, 4 மட்டுமே. 2 வரவே வராது. 11, 13 இரண்டையும் நீங்களே செய்து பாருங்கள், அங்கும் வராது. பொது விதி இதுதான்: 8ஆல் வகுக்கும்போது 1 அல்லது 7 மீதி தரும் ஒற்றை முதன்மை எண்களுக்கு மட்டுமே இது நடக்கும்.

இரண்டு சல்லடைகளையும் ஒன்றாகப் பிடித்தால், காரணியாக இருக்கத் தகுதி உள்ளவை 248இன் மடங்குடன் 1 கூட்டியவையும், 248இன் மடங்குடன் 63 கூட்டியவையும் மட்டுமே. அதற்கு வெளியே ஒன்றும் இல்லை.

இது எவ்வளவு பெரிய சிக்கனம் என்பதைக் கையால் செய்து பார்த்தால்தான் தெரியும். 2000க்குள் 303 முதன்மை எண்கள் உண்டு. சல்லடையில் தங்குபவை எத்தனை? வரிசையாக எழுதுகிறேன்: 63, 249, 311, 497, 559, 745, 807, 993, 1055, 1241, 1303, 1489, 1551, 1737, 1799, 1985. மொத்தம் பதினாறு. ஐந்தில் முடியும் மூன்றும் உடனே போய்விடும். 63, 249, 807, 993, 1551, 1737 ஆறும் மூன்றால் வகுபடும். 497ம் 1799ம் ஏழால் வகுபடும். 559 = 13 × 43. 1241 = 17 × 73. எஞ்சி நிற்பவை 311, 1303, 1489 என்ற மூன்றே மூன்று. 303 வகுத்தல்களுக்குப் பதில் மூன்று வகுத்தல்கள்! செய்து பாருங்கள். 311ஆல் வகுத்தால் ஈவு 6905092, மீதி 35. 1303ஆல் வகுத்தால் ஈவு 1648107, மீதி 226. 1489ஆல் வகுத்தால் ஈவு 1442232, மீதி 199. மூன்றிலும் மிச்சம் இருக்கிறது. 2000 வரை காரணி இல்லை என்பது இப்போது உங்களுக்கு நிச்சயமாகத் தெரியும். யார் சொல்லியும் அல்ல, நீங்களே கண்டது.

46340 வரை இப்படிச் சல்லடையில் தங்குபவை 373 எண்கள். அவற்றில் முதன்மை எண்கள் நூறுக்கும் குறைவு. அத்தனையாலும் வகுத்து, ஒவ்வொன்றிலும் மிச்சம் இருப்பதைக் கண்டால் வேலை முடிந்தது. 4,700க்கு மேற்பட்ட வகுத்தல்களை நூறுக்குள் கொண்டுவந்தது ஒய்லரின் கைவேகம் அல்ல, அவருடைய யோசனை. உங்கள் முதற்கேள்விக்கான பதில் இதுதான்.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். 1990களின் தொடக்கத்தில் நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். திருகோணமலையில் பல இரவுகள் மின்சாரம் இருக்காது. குப்பி விளக்கை மேசையின் மூலையில் வைத்து, ஓர் அப்பியாசக் கொப்பியில் இந்த எண்களை வரிசையாக எழுதி வகுக்கத் தொடங்கினேன். 1241ஐக் கண்டு முதன்மை எண் என்று நினைத்து, முழு வகுத்தலையும் செய்து முடித்தேன். மறுநாள் காலை தேநீர் குடிக்கும்போதுதான் 17 × 73 என்பது மனத்தில் பட்டது. அன்றிலிருந்து ஒரு பழக்கம் ஏற்படுத்திக்கொண்டேன்: முதலில் பட்டியல் முழுவதிலும் 3, 5, 7, 11, 13, 17 என்று சிறியவற்றால் வகுபடுபவற்றை அடித்துவிட்டு, அதன் பிறகுதான் பெரிய வகுத்தலைத் தொடுவது. 5000ஐ எட்டியபோது பரீட்சை வந்துவிட்டது. மிச்சத்தைப் பரீட்சைக்குப் பிறகு முடித்தேன். கடைசி வகுத்தலிலும் மீதி விழுந்தபோது விளக்குக்கு முன்னால் தனியே இருந்து சிரித்தது இன்றும் நினைவில் இருக்கிறது. உலகத்துக்கு 1772இல் தெரிந்த செய்திதான். எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஒய்லர் நிறுவியபின் 1867 வரை, கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு, மனிதருக்குத் தெரிந்த மிகப் பெரிய முதன்மை எண் இதுவாகவே இருந்தது. அந்த ஆண்டு லாண்ட்ரி என்ற பிரெஞ்சுக்காரர் 2⁵⁹ − 1ஐக் காரணிப்படுத்தி, அதில் 3203431780337 என்ற முதன்மை எண்ணைக் கண்டார்.

இடையில் 1811இல் இங்கிலாந்தின் பீற்றர் பார்லோ ஓர் ஆரூடம் சொன்னார். அதைப் புரிந்துகொள்ள நிறைவெண் என்றால் என்ன என்று தெரிய வேண்டும். தன்னைத் தவிர்ந்த தன் வகுத்திகளைக் கூட்டினால் தானே வரும் எண் நிறைவெண். 6 = 1 + 2 + 3. 28 = 1 + 2 + 4 + 7 + 14. ஒவ்வொரு மெர்சென் முதன்மை எண்ணும் ஒரு நிறைவெண்ணைத் தரும் என்று பண்டைக் கிரேக்கக் கணிதர் யூக்கிளிட் காட்டினார்: 3இல் இருந்து 6, 7இல் இருந்து 28, 31இல் இருந்து 496, 127இல் இருந்து 8128. இரட்டை நிறைவெண்கள் எல்லாம் இந்த வழியாகவே வர முடியும் என்று காட்டியவரும் ஒய்லர்தான். நமது எண்ணை 2³⁰ஆல் பெருக்கினால் எட்டாவது நிறைவெண் கிடைக்கிறது: 2305843008139952128. பார்லோ இதைக் குறிப்பிட்டு, இதைவிடப் பெரிய நிறைவெண் ஒருபோதும் கண்டுபிடிக்கப்படாது, இவை வெறும் விநோதங்கள், பயனற்றவை, ஆகவே யாரும் மேலே தேடப்போவதில்லை என்று எழுதினார். அவர் நல்ல கணிதர். ஆனால் மனிதரின் ஆவலைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டார். 1876இலேயே பிரெஞ்சுக் கணிதர் எதுவார் லூக்காஸ் 2¹²⁷ − 1 முதன்மை எண் என்று நிறுவிவிட்டார். அதில் 39 இலக்கங்கள்.

லூக்காசின் முறையைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. பின்னர் லேமர் என்பவர் அதைச் செம்மைப்படுத்தினார். 4இல் தொடங்குங்கள். வர்க்கித்து 2ஐக் கழியுங்கள். சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவைகள் இதைச் செய்தபின் பூச்சியம் வந்தால் அது முதன்மை எண், வராவிட்டால் இல்லை. ஒற்றை முதன்மை அடுக்கு எதற்கும் இது பொருந்தும். 127க்கு அடுக்கு 7, ஆகவே ஐந்து தடவை: 4இல் இருந்து 14, 14இன் வர்க்கம் 196, அதில் 2 போனால் 194, மீதி 67, பிறகு 42, பிறகு 111, 111இன் வர்க்கம் 12321, 2 போனால் 12319, அது சரியாக 127 × 97. பூச்சியம்! ஒரு காரணியைக்கூடத் தேடவில்லை. நமது எண்ணுக்கு 29 தடவைகள் செய்தால் அதே பூச்சியம் வரும். உங்கள் கணினி வகுப்பில் பத்து வரிக்குள் எழுதிவிடலாம். வர்க்கிக்கும்போது எண் பத்தொன்பது இலக்கம் வரை போகும், ஆகவே பெரிய வகை மாறியைப் பயன்படுத்துங்கள்.

2047க்குச் செய்தால் ஒன்பது தடவைக்குப் பிறகு 1736 வரும். பூச்சியம் இல்லை, ஆகவே பகுபடும் என்று தெரிந்துவிடும். ஆனால் 23, 89 என்ற காரணிகள் அதில் தெரியாது. ஓர் எண் பகுபடும் என்பதை அறிவதும் அதைப் பகுத்துக் காட்டுவதும் இரு வேறு வேலைகள். மெர்சென் பட்டியலில் இருந்த 2⁶⁷ − 1 முதன்மை எண் அல்ல என்று லூக்காஸ் 1876இல் அறிந்தார், ஆனால் காரணி கிடைக்கவில்லை. 1903இல்தான் அமெரிக்காவின் பிராங்க் கோல் காரணிகளைக் கண்டார்: 193707721 × 761838257287. கூட்டத்தில் அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் கரும்பலகையில் இந்தப் பெருக்கலைச் செய்து காட்டிவிட்டுப் போய் அமர்ந்தார் என்று சொல்வார்கள்.

அதே லூக்காஸ் – லேமர் சோதனைதான் இன்றும் இறுதி உறுதியைத் தருகிறது. 2024 ஒக்டோபரில் லூக் டுராண்ட் என்பவர் கண்டறிந்த 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற எண்ணுக்கு 4 கோடியே 10 இலட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள். அதையும் இந்தச் சோதனை கொண்டே உறுதிசெய்தார்கள்.

அடுத்து, நமது எண்ணுக்கே உரிய சில பண்புகள். 31 தானே ஒரு மெர்சென் முதன்மை எண் (2⁵ − 1). ஒரு மெர்சென் முதன்மை எண்ணை அடுக்கில் வைத்துக் கிடைத்த இன்னொரு மெர்சென் முதன்மை எண் இது. இப்படி இரட்டைத் தகுதி பெற்றவை இதுவரை அறிந்ததில் நான்கே: 7, 127, 2147483647, 2¹²⁷ − 1. அடுத்து, 8ஆல் வகுத்தால் நமது எண் 7 மீதி தருகிறது. வர்க்கங்கள் 8ஆல் வகுபடும்போது 0, 1, 4 என்ற மீதிகளையே தரும். அவற்றில் மூன்றை எப்படிக் கூட்டினாலும் 7 வராது. ஆகவே நமது எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாகவோ மூன்று வர்க்கங்களின் கூட்டுத்தொகையாகவோ எழுத முடியாது, நான்கு வேண்டும். இரண்டு தள்ளி இரட்டையராக நிற்கும் முதன்மை எண்ணும் இதற்கு இல்லை. கீழே உள்ள 2147483645 ஐந்தில் முடிகிறது. மேலே உள்ள 2147483649 மூன்றால் வகுபடும். ஆனால் அதை மூன்றால் வகுத்தால் வரும் 715827883 ஒரு முதன்மை எண். இது எனக்கு மிகவும் பிடித்த ஒன்று.

நமது எண்ணில் ஒன்றைக் கழித்தால் வருவது 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331. அதற்குள் 31 இருப்பதைப் பாருங்கள். அது தற்செயல் அல்ல, அங்கே நிற்பது பெர்மாவின் தேற்றம். ஒன்றைக் கூட்டினாலோ 2ஐத் தவிர வேறு காரணியே இல்லை.

வகுத்தலும் இந்த எண்ணுக்கு இலகு. சிறுவயதில் 9ஆல் வகுத்த மீதியை இலக்கங்களைக் கூட்டிக் கண்டுபிடித்தோம் அல்லவா? 10 என்பது 9ஐவிட ஒன்று கூட என்பதால் அது பலித்தது. அதே உத்தி இங்கும் பலிக்கும். தம்பி முறையான 31ஐ வைத்துக் காட்டுகிறேன்: 1000த்தை 32ஆல் வகுத்தால் ஈவு 31, மீதி 8. இரண்டையும் கூட்டினால் 39. மீண்டும் 32ஆல் வகுத்தால் ஈவு 1, மீதி 7, கூட்டினால் 8. 1000த்தை 31ஆல் வகுத்த மீதியும் 8தான். கணினிக்கு 32ஆலோ 2³¹ஆலோ வகுப்பது வெறும் இடமாற்றம். ஆகவே நமது எண்ணால் மீதி காண ஓரிரு வெட்டும் கூட்டலும் போதும்.

இதனால்தான் கணினியில் எழுமாற்று எண்கள், அதாவது குலுக்கிப் போட்டாற்போல் வரும் எண்கள், உருவாக்க இதை நீண்ட காலமாகப் பயன்படுத்தினார்கள். ஒன்றில் தொடங்கி, 16807ஆல் பெருக்கி, நமது எண்ணால் வகுத்த மீதியை எடுத்துக்கொண்டே போவார்கள்: 16807, 282475249, 1622650073, … 16807 என்பது 7⁵. இந்த நடை 1இல் இருந்து 2147483646 வரை உள்ள அத்தனை எண்களையும் ஒரு தடவை தொட்ட பிறகே ஒன்றுக்குத் திரும்பும். இரண்டால் பெருக்கினால் 31 அடியில் முடிந்துவிடும் சுற்று, 16807ஆல் பெருக்கும்போது 214 கோடி அடிகளுக்கு நீள்கிறது. இரகசியக் காப்புக்கு மட்டும் இது உதவாது. இன்றைய பூட்டுகளுக்கு நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட முதன்மை எண்கள் வேண்டும்.

கடைசியாக உங்கள் நிரல். கணினி ஒரு முழு எண்ணுக்கு, 0 அல்லது 1 மட்டுமே நிற்கக்கூடிய 32 இடங்கள் ஒதுக்கும்போது ஒன்று நேர், மறை என்ற குறிக்குப் போய்விடுகிறது, எஞ்சுவது 31. எல்லாவற்றிலும் 1 நிரம்பினால் நமது உண்டியல் கணக்குத்தான்: 1 + 2 + 4 + … + 2³⁰. அதற்குமேல் ஒன்று வந்தால் குறி இடத்தில் போய் விழுந்து மறை எண்ணாகிவிடுகிறது. 2014 டிசெம்பரில் யூரியூப்பில் ஒரு கொரியப் பாடலின் பார்வை எண்ணிக்கை இந்த எல்லையைத் தாண்டியது. பழைய கணினி முறைகள் பல, நேரத்தை 1970 ஜனவரி 1இல் இருந்து வினாடிகளாக இதே 31 இடங்களில் எண்ணுகின்றன. அவை நிரம்பும் கணம் 2038 ஜனவரி 19, இலங்கை நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடி. திருத்தப்படாத கணினிகள் அடுத்த வினாடியை 1901 டிசெம்பர் என்று காட்டும். எல்லை 2³¹ − 1 ஆனது 31 இடங்கள் மிஞ்சியதால். அது முதன்மை எண்ணாகவும் அமைந்தது 31இன் தயவு. 63 இடங்கள் கொண்ட இன்றைய முறையின் உச்ச எண் 2⁶³ − 1 ஏழால் வகுபடும்.

பிள்ளை, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். 2000க்கு மேல் சல்லடையில் அடுத்து வருபவை 2047, 2233, 2295, 2481, 2543. முதல் ஆள் நமக்குத் தெரிந்தவர், 23 × 89. 2233 = 7 × 11 × 29. 2295 ஐந்தால் போகும், 2481 மூன்றால் போகும். 2543 நிற்கும். கணிப்பானைத் தொடாமல் 2147483647ஐ அதனால் வகுத்துப் பாருங்கள். ஈவு 844468, மீதி 1523 வர வேண்டும். வராவிட்டால் எந்த வரியில் வழுக்கியது என்று கொப்பியைக் கொண்டுவாருங்கள், சேர்ந்து தேடுவோம்.